கையால செஞ்ச ஜாடிக்கு புகை போட்டேன், பாதி வெடிச்சிடுச்சு, மீதி சாம்பல் கலர்ல நிக்குது. எங்க தப்பு?

மாடிவீட்டு மண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். காட்பாடியில வாடகை வீடு, மொட்டை மாடியை ஓனர் நமக்குனு விட்டுக்குடுத்துட்டாரு, அங்கதான் ஆறேழு மாசமா மண்ணை வச்சு உருட்டிட்டு இருக்கேன். சக்கரம் கிடையாது. கையால கிள்ளி எடுக்கறது, இல்லனா கயிறு மாதிரி திரிச்சு சுத்திச்சுத்தி ஏத்தறது, அவ்ளோதான் தெரியும். சமைக்கறதுக்கு இல்ல, ஷோகேஸ்ல வைக்கற சின்ன ஜாடி, கிண்ணம், கூழாங்கல் மாதிரி மூடுன உருண்டை. க்ளேஸ் (கண்ணாடி மாதிரி மினுக்கற மேல்பூச்சு) வேணாம், புகையாலயே கருப்பும் சாம்பலும் மேகம் ஓடுன மாதிரி வரணும்னு ஆசை.

போன ஞாயித்துக்கிழமை மொத தடவை சுட்டேன். 20 லிட்டர் பெயின்ட் டின், அதுல ஆணி அடிச்சு சுத்தி முப்பது நாப்பது ஓட்டை போட்டு, சா மில்லுல மரத்தூள் ஒரு மூட்டை வாங்கி, அடியில தூள், மேல ஜாடி, மறுபடி தூள்னு அடுக்கி, மேல ரெண்டு சூடம் வச்சு பத்த வச்சேன். மண்ணு பானை செய்யறவர் ஒருத்தர்கிட்ட வாங்குனது, மூணு நாள் நல்ல வெயில்ல காய வச்சிருந்தேன், தொட்டா கல்லு மாதிரி இருந்துச்சு. ஒரு முக்கா மணி நேரம் அமைதியா போச்சு, அப்புறம் டப்பு டப்புனு சத்தம், பக்கத்து வீட்டு பாட்டி தீபாவளியா வந்துடுச்சுனு எட்டிப் பாக்கறாங்க.

9 உருப்படியில 5 காலி. மூடுன உருண்டை சுக்கல் சுக்கலா போயி பக்கத்துல இருந்த ரெண்டையும் சேத்து உடைச்சிடுச்சு. மிச்சம் இருக்கற நாலுல ஒண்ணு மட்டும் ஒரு பக்கம் கருப்பு, மத்ததெல்லாம் ஏதோ அழுக்குத் துணி மாதிரி சாம்பலும் மஞ்சளும். கையில எடுத்தா கை கருப்பாகுது. படத்துல எல்லாம் பாக்கற அந்த பளபள கருப்பு எப்படி வருது? நெருப்பை இன்னும் பெருசா போட்டிருக்கணுமா? தெரிஞ்சவங்க திட்டினாலும் பரவால்ல, சொல்லுங்க.

பொன்னையாத்து மணலு:

இன்னாமா நீ, பச்சை மண்ணை நேரா நெருப்புல வெச்சா வெடிக்காம இன்னா பண்ணும். கோச்சிக்காத, திட்டினாலும் பரவால்லனு நீதான் சொன்ன. எங்க தாத்தா சூளை வெச்சிகினு இருந்தாரு, அப்பாவும் கொஞ்ச நாள் செஞ்சாரு, நான் ஸ்பேர் பார்ட்ஸ் கடைல கீறேன், ஆனா சின்ன வயசுல மண்ணு மிதிச்ச காலு இது.

மொதல்ல அந்த மண்ணு. பானை செய்யறவரு உனக்கு குடுத்தது சக்கரத்துல ஏத்தறதுக்கு பதம் பண்ண மண்ணு, வழவழனு இருக்கும், அதுல மெல்லிசா இழுத்து பானை வரும். நீ கையால செய்யும்போது உன் ஜாடி விரல் தடிப்பு இருக்கும், அடி இன்னும் தடிப்பா இருக்கும், அதுக்குள்ள இருக்கற ஈரம் வெளிய வர வழி வேணாமா? அதுக்குதான் மணல் சேக்கறது. மணலை மாவு சல்லடையில சலிச்சுக்கோ, இல்லனா உடைஞ்ச பானை ஓட்டை உரல்ல போட்டு இடிச்சு சலிச்சு அந்தத் தூளை சேரு, அதான் இன்னும் நல்லது, ஏன்னா அது ஏற்கனவே சுட்டது, இனிமே சுருங்காது. அஞ்சு பங்கு மண்ணுக்கு ஒரு பங்குன்னு ஆரம்பிச்சு பாரு. ஒரு விரல் தடிப்பு பட்டை செஞ்சு அதுல 10 சென்டிமீட்டருக்கு ரெண்டு கோடு கிழிச்சு வை, காஞ்சப்புறம் அளந்தா எவ்ளோ சுருங்குச்சுன்னு தெரிஞ்சிடும், ரொம்ப சுருங்குனா இன்னும் கொஞ்சம் தூளு சேத்துக்கோ.

ரெண்டாவது, மூணு நாள் வெயில்ல காய வெச்சேன்னு பெருமையா வேற சொல்ற. நம்ம வேலூர் வெயிலு எப்படினு தெரியாதா, ஜாடி வாய் ஒரு மணி நேரத்துல காஞ்சு சுருங்கிடும், அடி ஈரமாவே இருக்கும், அப்ப விழற கீறல் கண்ணுக்கு தெரியாது, நெருப்புல போனதும் வாயைப் பொளக்கும். நெழல்ல வெக்கணும், வாய்க்கு மட்டும் ஈரத்துணி போட்டு மூடணும், குறைஞ்சது பத்து நாள். கல்லு மாதிரி இருந்தாலும் நம்பாத. கன்னத்துல வெச்சு பாரு, சில்லுன்னு இருந்தா உள்ள தண்ணி கீது. எங்க பாட்டி அப்படிதான் பாப்பாங்க, ஒவ்வொண்ணையும் கொழந்தைய கொஞ்சற மாதிரி கன்னத்துல வெச்சு.

உருண்டைக்கு ஓட்டை விட்டியா? விட்டிருக்க மாட்ட. ஊசி நொழையற அளவு ஒரு ஓட்டை போதும், அடியில போட்டா தெரியவும் தெரியாது.

மாடிவீட்டு மண்ணு:

அண்ணா, ஓட்டை விடல 🙈 கன்னத்துல வச்சு பாக்கறது இன்னைக்கே செஞ்சு பாத்தேன், ஷெல்ஃப்ல ரெண்டு வாரமா இருக்கற கிண்ணமே அடியில சில்லுனு இருக்கு. உரலுக்கு எங்க போறது, மிக்ஸியில போட்டா அம்மா கொன்னுடுவாங்க.

பொன்னையாத்து மணலு:

துணியில சுத்தி சுத்தியால தட்டு. கண்ணுல மூக்குல போவாம பாத்துக்கோ.

இரண்டாம் சூடு:

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி, நான் நெருப்பு பக்கத்துல இருந்து கொஞ்சம் சேக்கறேன். ராணிப்பேட்டையில இருக்கேன், பாண்டிச்சேரியில ஒரு ஸ்டுடியோவுல வாரக்கடைசி வகுப்பு ரெண்டு வருஷம் போனேன், தொழிலா செய்யறவன் இல்ல.

உங்க கேள்வியிலயே ஒரு தப்பு இருக்கு, நெருப்பை பெருசா போடணுமானு கேக்கறீங்க பாருங்க, அதுக்கு நேர் எதிர்தான் வேணும். கருப்பு வர்றது நெருப்பால இல்ல, காத்து இல்லாததால. மரத்தூள் முழுசா எரியாம கனியும்போது வர்ற கரி மண்ணோட நுண்ணிய துளைக்குள்ள போய் உக்காருது, அதான் கலர். முப்பது நாப்பது ஓட்டை போட்டீங்கனா அது புகை டின் இல்ல, அடுப்பு. தூள் சரசரனு எரிஞ்சு முடிஞ்சு, ஏறுன கரியும் அந்தக் காத்துலயே திரும்ப எரிஞ்சு போயிருக்கும், அதான் உங்க சாம்பல் கலர். அடுத்த தடவை அடிப்பக்கமா அஞ்சாறு ஓட்டை போதும், மேல பத்த வச்சு நல்லா கனிய ஆரம்பிச்சதும் மூடியைப் போட்டு ஒரு செங்கல்லை வச்சிடுங்க. ராத்திரி பூரா கனியட்டும். காலையில கை வச்சா டின் சூடே இல்லாம இருக்கணும், அப்பதான் திறக்கணும். அவசரப்பட்டு திறந்தா ரெண்டு நஷ்டம், குளிர்காத்து பட்டு கீறல் விழும், உள்ள கனல் இருந்தா காத்து கிடைச்சதும் கருப்பு வெளுத்துடும்.

அடுத்தது, இதை ரெண்டு சூடா பிரிக்கணும். மரத்தூள் டின்னுல வர்ற சூடு ரொம்ப கம்மி, பச்சை மண்ணு அதுல சரியா சுடாது. மண்ணு மண்ணா இல்லாம ஓடா மாறணும்னா 600 டிகிரிக்கு மேலயாவது போகணும். நீங்க காப்பாத்துன நாலுல மோசமான ஒண்ணை இன்னைக்கு ராத்திரி ஒரு பக்கெட் தண்ணியில போட்டு வைங்க, காலையில குழைஞ்சு சேறா கிடந்தா அது சுடவே இல்லனு அர்த்தம். அதனால மொதல்ல புகை இல்லாம ஒரு தடவை 850, 900 டிகிரி வரைக்கும் நிதானமா சுட்டு எடுக்கணும், பிஸ்க்னு சொல்வாங்க. 100 டிகிரியில மிச்சம் இருக்கற தண்ணி ஆவியாகும், தண்ணி ஆவியானா கிட்டத்தட்ட 1700 மடங்கு எடம் கேக்கும், உங்க உருண்டைக்கு நடந்தது அதான். அதைத் தாண்டுனா 573 டிகிரியில மணல்ல இருக்கற குவார்ட்ஸ் திடீர்னு பெருக்கும், ஆறும்போது அதே எடத்துல சுருங்கும், அந்த எடத்துல ஏத்தறதும் எறக்கறதும் மெதுவா இருக்கணும். பிஸ்க் ஆனதுக்கு அப்புறம் புகை டின்னுல வச்சீங்கனா வெடிக்கறதுக்கு வாய்ப்பு ரொம்பக் குறைவு.

ரொம்ப சுட்டாலும் ஆகாது. எங்க ஊர்னாலே எல்லாருக்கும் பாரிவேர் வாஷ்பேசின்தான் ஞாபகம் வரும், அந்த மாதிரி 1200 டிகிரி பக்கம் சுட்ட பீங்கான்ல துளையே இருக்காது, நீங்க தலைகீழா நின்னு புகை போட்டாலும் உள்ள ஏறாது.

பளபளப்பு பத்தி கேட்டீங்க. அது புகையில வர்றது இல்ல, தேய்ப்புல வர்றது. பாதி காஞ்சு, நகத்தால அழுத்துனா லேசா தடம் விழற பதத்துல, வழவழ கூழாங்கல்லோ ஸ்பூன் முதுகோ வச்சு பொறுமையா தேய்க்கணும். மண்ணோட மெல்லிய துகள் எல்லாம் படுத்து ஒரே தளமா ஆயிடும், அதான் மினுக்கு. மணல் கலந்த மண்ணுல தேய்ச்சா கீறும், அதனால மேல மட்டும் சலிச்ச செம்மண் கரைசலை ரெண்டு மூணு தடவை பூசிட்டு தேய்ங்க. 1000 டிகிரியை ஒட்டி சுட்டீங்கனா அந்த மினுக்கு போயிடும், இதுவும் சூட்டை கம்மியா வைக்கறதுக்கு ஒரு காரணம். கை கருப்பாகறது மேல ஒட்டுன புகைக்கரி, ஈரத்துணியால தொடைச்சு எடுத்துட்டு கொஞ்சம் தேன்மெழுகு தடவி துணியால தேய்ச்சீங்கனா ஒட்டாது.

தூள் எங்க வாங்குனீங்கனு பாத்துக்குங்க. பிளைவுட், எம்டிஎஃப் பலகை அறுத்த தூள்னா அதுல பசை இருக்கும், அந்தப் புகை ஆகாது. மெல்லிய தூள் மெதுவா கனிஞ்சு நல்ல கருப்பு தரும், சுருள் சுருளா இழைப்புத் தூள்னா சீக்கிரம் எரியும், அதுல கோடு கோடா வெள்ளை விழும், உங்களுக்கு மேகம் வேணும்னா ரெண்டையும் கலந்து அடுக்குங்க. டின்னுக்குள்ள பழைய பெயின்ட் இருந்தா தனியா காலியா ஒரு தடவை எரிச்சிடுங்க. துத்தநாகம் பூசுன வாளியை மட்டும் எடுத்துடாதீங்க, அந்தப் பூச்சு சூட்டுல விடற புகை கெடுதல்.

பொன்னையாத்து மணலு:

தம்பி சொல்றது சரிதான், ஆனா 850, 900னா அந்தப் பொண்ணு கரண்டு சூளைக்கு எங்க போவும், அதோட விலை கேட்டியா? நம்ம பக்கம் பானை செய்யறவங்க இன்னும் கீறாங்க. பொங்கல் முடிஞ்சு போய் கேளு, அதுக்கு முன்னாடி போவாத, கார்த்திகைக்கு அகல், தைக்கு பானைன்னு அவங்களுக்கு தலைக்கு மேல வேல கீது. அவங்க சூளை அடுக்கும்போது பானைக்கு உள்ள உன் சின்ன ஜாடிய வெச்சுக்கலாமான்னு கேட்டா, காசு குடுத்தா நிச்சயமா வெப்பாங்க. பானை வயித்துக்குள்ள இருந்தா நேரா தணலும் படாது.

அதுகூட ஆகலன்னா வறட்டி சூளை. தரையில மணல் கொட்டி, மேல வறட்டி பரப்பி, ஜாடிய கவுத்து வெச்சு, சுத்தி வறட்டிய சாத்தி, அதுக்கு மேல வைக்கோலு, மேல சேறு பூசி அங்கங்க புகைபோக்கி. சாயந்தரம் லேசா ஒரு ஓரத்துல மூட்டி ராவெல்லாம் அனல் மட்டும் காட்டணும், விடிஞ்சதும்தான் நெருப்பை விடணும். எல்லா எடமும் ஒரே சூடு வராது, சிலது வேவாது, சிலது கரிஞ்சிகினு வரும். அதை மாடியில மட்டும் செய்யாத தாயி, தளம் போயிடும்.

பழைய ஓடு:

ரிட்டயர்டு வாத்தியார், திருப்பத்தூர் பக்கம். கொஞ்சம் வேற விஷயம், ஆனா சம்பந்தம் இருக்கு, பொறுத்துக்குங்க.

நீங்க தேடற இந்த கருப்பு நம்ம மண்ணுக்கு புதுசு இல்லம்மா. எங்களுக்கு பக்கத்துல பையம்பள்ளி, அப்ப வடஆற்காடு, 1989ல பிரிச்சு வேலூர் பக்கம் வந்துச்சு, 2019ல திருப்பத்தூர் மாவட்டம் ஆயிடுச்சு, மாவட்டப் பேரு மாறிக்கிட்டே இருக்கு ஓடு மட்டும் அங்கேயே கிடக்கு. அங்க 1960கள்ல தொல்லியல் துறை தோண்டுனப்ப கீழ அடுக்குல புதிய கற்காலத்து சாம்பல் நிற ஓடு, சக்கரம் இல்லாம கையால செஞ்சு தேய்ச்சு மினுக்குனது. அதுக்கு மேல பெருங்கற்கால அடுக்குல கருப்பு சிவப்பு பானை. கீழடி, ஆதிச்சநல்லூர் படங்கள்ல பாத்திருப்பீங்களே, உள்பக்கமும் வாயும் கருப்பு, வெளிய உடம்பு சிவப்பு, அதே ஜாதி.

அதை எப்படி செஞ்சாங்கனு கேட்டா, பானையை கவுத்து வச்சு சுட்டதாதான் பெரும்பாலும் சொல்வாங்க. வாய் தூளுக்குள்ள புதைஞ்சு காத்து இல்லாம கருக்கும், உடம்பு வெளிய காத்து பட்டு சிவக்கும். மண்ணுல இருக்கற இரும்பு காத்து கிடைச்சா சிவப்பு, கிடைக்கலனா கருப்பு, அதோட கரியும் சேந்துக்குது. உங்க டின்னுல அடியில நாலு விரக்கடை தூள் மட்டும் போட்டு, உள்ளயும் தூளை அடைச்சு கிண்ணத்தை கவுத்து வச்சு ஒரு தடவை செஞ்சு பாருங்களேன். எனக்கு கை நடுங்குது, இல்லனா நானே செஞ்சிருப்பேன்.

ஒரு சின்ன விஷயம், காட்பாடியில இருக்கீங்க, பக்கத்துல கரிகிரி மண்பாண்டம்னு பேர் கேட்டிருப்பீங்க. பேர்ல கரி இருக்கேனு அதை புகை வேலைனு நினைச்சுக்காதீங்க, அது க்ளேஸ் போட்ட சாமான். கரினா யானைனும் ஒரு அர்த்தம் உண்டு.

மாடிவீட்டு மண்ணு:

சார் நான் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன் 😄

சத்துவாச்சாரி வாசி:

எல்லாம் சரி, துணி காயப்போடற நேரத்துல புகை போடாதீங்க. எங்க மேல் வீட்ல ஒருத்தர் ஞாயித்துக்கிழமை மீன் சுடுவாரு, என் வெள்ளை வேட்டி நிலைமை எனக்குத்தான் தெரியும்.

புதுக்கை:

நானும் இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன். சில வீடியோல மயில்துத்தம், உப்பு எல்லாம் தூவி சிவப்பு, ரோஸ் கலர் வர வைக்கறாங்களே, உரக்கடையில மயில்துத்தம் கிடைக்குது, போடலாமா?

இரண்டாம் சூடு:

வரும், மயில்துத்தத்துல இருக்கற தாமிரம் புகைக்குள்ள சிவப்பு காட்டும், உப்பு கூட சேந்தா ஆரஞ்சு ரோஸ் எல்லாம் வரும். ஆனா அது குழி தோண்டி விறகு அடுக்கி நல்ல சூடு ஏத்தற இடத்து வேலை, மரத்தூள் டின் சூட்டுல பெருசா ஒண்ணும் வராது. மயில்துத்தம் விஷம், வெறும் கையால எடுக்கக் கூடாது, உப்பு சூடாகி வர்ற ஆவியும் நெஞ்சை எரிக்கும், நாலு பக்கமும் வீடு இருக்கற மாடியில வேணவே வேணாம். வயக்காடு, காத்து பாக்கற எடம், கையுறை, முகமூடி இருந்தா பாருங்க. வாழைப்பழத்தோல், உப்புத்தண்ணியில ஊறவச்ச சணல் கயிறு இதெல்லாம் ஜாடியில சுத்தி வச்சா அந்த எடத்துல கோடு விழும், மொதல்ல அதை செஞ்சு பாருங்க.

பொன்னையாத்து மணலு:

உமியும் போடலாம். ஆரணி பக்கம் ரைஸ் மில்லு எத்தினி கீது, மூட்டை கணக்குல குடுப்பாங்க. எரிஞ்சாலும் சாம்பல் அப்படியே நிக்கும், அதனால சூடு சீக்கிரம் எறங்காது, மெதுவா கனியும்.

மாடிவீட்டு மண்ணு:

எல்லாருக்கும் ஒரு அப்டேட், அஞ்சு வாரம் ஆச்சு, லேட்டுக்கு மன்னிச்சுக்கங்க.

மொதல்ல அந்த தண்ணி டெஸ்ட். ராத்திரி பக்கெட்டுல போட்டேன், காலையில பாத்தா ஜாடி இல்ல, அடியில சேறு. உக்காந்து சிரிச்சேன், அப்புறம் கொஞ்சம் அழுகையும் வந்துச்சு, அதை மறுபடி பிசைஞ்சு இன்னொரு கிண்ணம் செஞ்சுட்டேன்.

மண்ணு குடுத்த பெரியவர்கிட்டயே போய் கேட்டேன், அவரு சூளை அடுக்கறப்ப கூப்பிட்டு விட்டாரு. பானைக்குள்ள வைக்கோல் போட்டு பதினோரு உருப்படி வச்சாரு, காசு வாங்க மாட்டேன்னு சொல்லிட்டு அப்புறம் என் அம்மா கட்டிக்குடுத்த மாங்கா ஊறுகாயை மட்டும் வாங்கிக்கிட்டாரு. பதினொண்ணும் முழுசா வந்துச்சு! ஒண்ணு கூட வெடிக்கல. செக்கச்செவேல்னு.

அதுக்கப்புறம் புகை. பழைய ஓட்டைக்கு எல்லாம் மண்ணை அப்பி அடைச்சிட்டு அடியில ஆறு மட்டும் விட்டேன். மாடியில மணல் கொட்டி அதுமேல செங்கல் அடுக்கி டின்னை வச்சேன், தளத்துக்கு ஒண்ணும் ஆகல. சாயந்தரம் ஆறு மணிக்கு மூடி போட்டேன், மறுநாள் மத்தியானம் வரைக்கும் கை வைக்கல, இதுதான் இருக்கறதுலயே கஷ்டம், ராத்திரி ரெண்டு தடவை எழுந்து போய் மூடியை மோந்து பாத்துட்டு வந்தேன். ஏழு கருப்புனா கருப்பு, முகம் தெரியற அளவுக்கு இல்லனாலும் ஜன்னல் வெளிச்சம் தெரியுது. ரெண்டுல சணல் கயிறு கோடு. கிண்ணத்தை வாத்தியார் சார் சொன்ன மாதிரி கவுத்து வச்சேன், உள்ள கருப்பு வெளிய சிவப்பு, நடுவுல எல்லை கொஞ்சம் கோணலா ஓடுது, எனக்கு அதான் ரொம்ப புடிச்சிருக்கு. ஒண்ணு மட்டும் கீறல், அது என் தப்பு, கைப்பிடியை காஞ்சதுக்கு அப்புறம் ஒட்டுனேன்.

ஒரே ஒரு சந்தேகம், ஜாடியில தண்ணி ஊத்தி பூ வச்சேன், மேஜை எல்லாம் ஈரம். மெழுகு போட்டும் கசியுதே?

இரண்டாம் சூடு:

கசியும், துளை இருந்ததாலதானே கரி ஏறுச்சு. உள்ள ஒரு சின்ன கண்ணாடி பாட்டில் வச்சு அதுல தண்ணி ஊத்துங்க, இல்லனா காஞ்ச பூ. சாப்பாட்டுக்கும் வேணாம், யாருக்காவது குடுத்தா இதைச் சொல்லியே குடுங்க.

பழைய ஓடு:

அந்தக் கிண்ணத்தோட படம் போடும்மா. உள்பக்கம் தெரியற மாதிரி.

பொன்னையாத்து மணலு:

படம் அப்பால. ஊறுகா எங்க எனுக்கு?